வீட்டிலேயே காருக்கு எச்.ஐ.டி ஹெட்லைட் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.டி கிட் (பல்பும் அதை எரியவைக்கும் பெட்டியும் ஒயரும் சேர்ந்த செட்) வாங்கிவிட்டு மாட்டும் முறையைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே இது பொருந்தும். வாங்கியவர்கள் முதல் நான்கு பதில்களைப் படித்துவிட்டு டப்பாவைப் பிரித்தால் நல்லது. பிரிக்காத டப்பாவைத்தான் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.

எச்.ஐ.டி என்பது என்ன? சாதாரண ஹாலஜன் பல்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஹாலஜன் பல்புக்குள் டங்ஸ்டன் இழை ஒன்று இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சூடேறி ஒளிர்கிறது. எச்.ஐ.டி (ஹை இன்டென்சிட்டி டிஸ்சார்ஜ்) பல்பில் இழையே கிடையாது. செனான் விளக்கு என்பதும் இதைத்தான். பட்டாணி அளவு குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு மின்முனைகள், செனான் வாயு, கொஞ்சம் உலோக உப்பு, அவ்வளவுதான். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு பொறி அடித்ததும் முனைகளுக்கு இடையே மின்வில் உண்டாகி ஒளி தருகிறது. அதன்பின் சுமார் 85 வோல்ட்டில் அது தொடர்ந்து எரியும். பேட்டரியின் 12 வோல்ட்டை இதற்கேற்ப மாற்றிக் கொடுப்பதுதான் பேலாஸ்ட் என்கிற அந்தச் சிறிய பெட்டி.

எச்7 ஹாலஜன் பல்பு 55 வாட் எடுத்துக்கொண்டு சுமார் 1500 லூமன் (ஒளியின் அளவு) தருகிறது. கம்பெனியிலிருந்தே செனானோடு வரும் கார்களில் உள்ள டி2எஸ் பல்பு 35 வாட்டில் சுமார் 3200 லூமன் தருகிறது. 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதன்முதலாக வந்தபோதே ஆசைப்பட வைத்த கணக்கு இது.

அப்படியானால் பல்பை மட்டும் மாற்றினால் சாலையில் இரண்டு மடங்கு வெளிச்சம் கிடைக்குமா?

கிடைக்காது. பல்பிலிருந்து வரும் ஒளி இரண்டு மடங்காகும். அது சாலையில் விழவேண்டிய இடத்தில் விழுமா என்பதைப் பல்பு தீர்மானிப்பதில்லை, ஹெட்லைட்டின் உள்ளமைப்புதான் தீர்மானிக்கிறது.

ஹெட்லைட்டுக்குள் பல்பைச் சுற்றியிருக்கும் பளபளக்கும் கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். அதன் ஒவ்வொரு வளைவும் ஒளி ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்துதான் வரும் என்று நம்பி வடிவமைக்கப்பட்டது. ஹாலஜன் இழை நேரான சிறு உருளை. மின்வில் அப்படி இல்லை. மேல்பக்கம் லேசாக வளைந்து, இரு முனைகளிலும் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் ஒளிரும். நீளமும் வேறு. உட்காரும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ரிஃப்ளெக்டர் ஒளியை வேறெங்கோ வீசிவிடும். அந்த வேறெங்கோ என்பது பெரும்பாலும் எதிரே வருபவரின் கண்.

உங்களுக்கும் இதில் பெரிய லாபம் இல்லை. கூடுதல் ஒளியின் பெரும்பகுதி பானெட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் கொட்டிவிடும். பக்கத்தில் பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும். தூரத்தில் நடந்து போகிறவரோ, நிற்கிற மாடோ முன்பைவிட மங்கலாகத் தெரியும். 'பகல் மாதிரி இருக்கு' என்ற பூரிப்பும், தூரத்தில் பார்வை குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இதுதான் இந்த கிட்களின் பெரிய ஏமாற்று என்பேன்.

என் காரில் இருப்பது ரிஃப்ளெக்டரா, புரொஜெக்டரா?

முன்னால் நின்று பாருங்கள். உள்ளே பளபளக்கும் கிண்ணமும் நடுவில் பல்பும் தெரிந்தால் ரிஃப்ளெக்டர். உருண்டையான கெட்டிக் கண்ணாடி ஒன்று விழி மாதிரி தெரிந்தால் புரொஜெக்டர்.

புரொஜெக்டருக்குள் ஒரு தகடு இருக்கும். ஒளியின் மேல்பாதியை அது வெட்டிவிடுவதால் சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தியால் கீறியது போன்ற ஒரு கோடு தெரியும். கட்-ஆஃப் என்பது இதுதான். அதற்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். எச்.ஐ.டி-க்கு இடம் கொடுக்கலாம் என்றால் இந்த அமைப்பில்தான்.

இன்னொரு வழியும் உண்டு. சர்வதேச ஒழுங்குமுறைப்படி தயாரான ஹெட்லைட் என்றால், கண்ணாடியின் ஓரத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எச் என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு ஹாலஜனுக்கு அங்கீகாரம் பெற்றது, டி என்று தொடங்குவது டிஸ்சார்ஜ் பல்புக்கு. டார்ச் அடித்துத் தேடினால் கிடைத்துவிடும்.

சட்டப்படி சரியா?

பெரும்பாலும் இல்லை. ஹாலஜனுக்கு அங்கீகாரம் பெற்ற ஹெட்லைட்டில் எச்.ஐ.டி பல்பைச் செருகியதும் அந்த அங்கீகாரம் போய்விடுகிறது. ஐ.நா. ஒழுங்குமுறையைப் பின்பற்றும் நாடுகளில், 2000 லூமனுக்கு மேல் ஒளி தரும் லோ பீமுக்கு (டிம்) தானாகச் சாய்வைச் சரிசெய்யும் அமைப்பும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது விதி. ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் காரின் மூக்கு ஒரு டிகிரி தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு டிகிரிக்கு, பத்து மீட்டர் தூரத்தில் ஒளிக்கோடு 17 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். உங்கள் ஊர் விதியையும் இன்சூரன்ஸ் நிபந்தனையையும் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

எச்4 பல்பு உள்ள கார். டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில். இதற்கும் கிட் விற்கிறார்களே?

விற்கிறார்கள். எச்4 ஹாலஜனில் இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு சிறு தகடு இருக்கும், கண்கூச்சத்தைத் தடுப்பது அதுதான். கிட்டில் ஒரே மின்வில்லை வைத்து, ஒரு சோலனாய்டு (மின்காந்த இழுவிசை) பல்பை முன்னும் பின்னும் இழுத்து டிம், பிரைட் காட்டுகிறது. கொஞ்ச நாள் குண்டும் குழியுமான சாலையில் ஓடினால் இந்த இழுவை தளர்ந்துபோகும். எல்லா வகையிலும் மோசமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேண்டாம்.

சரி, ரிஃப்ளெக்டர்தான் இருக்கிறது, வெளிச்சமும் போதவில்லை. நான் என்ன செய்வது?

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் இருக்கிறது. பல்பைக் குறை சொல்வதற்குமுன் அதற்கு எவ்வளவு மின்சாரம் போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். பேட்டரி முனைகளில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பல்பின் பின்பக்கக் கனெக்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளந்து பாருங்கள். கழற்றிவிட்டு அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 12.4 என்று வந்தால் பத்து சதவீதம் வழியிலேயே போய்விட்டது என்று பொருள். ஹாலஜனின் ஒளி வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய வோல்டேஜின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. பத்து சதவீத வோல்டேஜ் இழப்பு கிட்டத்தட்ட முப்பது சதவீத ஒளி இழப்பு. பழைய கார்களில், முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வரும் ஒயரிங்கில், இது சர்வசாதாரணம்.

மருந்து, ரிலே: சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், அங்கிருந்து தடித்த ஒயரில் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் இனி 85, 86 முனைகளில் சேர்ந்து ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் பார்க்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. எர்த் ஒயரையும் மறக்காதீர்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்குங்கள். ரெடிமேடாகக் கிடைக்கும் ஒயரிங் செட்டும் இதையேதான் செய்கிறது. அளந்து பார்த்து இழப்பு பெரிதாக இல்லையென்றால் ரிலேக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஹெட்லைட்டின் முன்கண்ணாடி. அந்த பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் உள்ளே எந்தப் பல்பைப் போட்டாலும் வீண். உப்புத்தாளில் 1000, 2000 என்று நீர்விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கிளியர் கோட்டை அடிக்காமல் விட்டுவிட்டால் சில மாதங்களில் திரும்ப மஞ்சள்தான். இவற்றையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் அப்போது புரொஜெக்டர் பொருத்துவது பற்றிப் பேசலாம். கீழே வருகிறது.

4300, 6000, 8000 கெல்வின் என்கிறார்கள். எது நல்லது?

4300. கம்பெனி பொருத்தும் செனான் எல்லாம் அதன் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். கெல்வின் என்பது நிறத்தின் கணக்கு, பிரகாசத்தின் கணக்கு அல்ல. எண் கூடக்கூட நீலம் கூடும், லூமன் குறையும். 5000 வரை ஒப்புக்கொள்ளலாம். 8000-க்கு மேல் வாங்குகிறவர் அழகுக்காக வாங்குகிறார், மழையில் அதன் பலனை அனுபவிப்பார்.

35 வாட்டா, 55 வாட்டா?

35. ஐம்பத்தைந்தில் பல்பின் ஆயுள் குறையும், சூடு கூடும், கண்கூச்சமும் கூடும்.

புரொஜெக்டர் உள்ள காரில் கிட் மாட்டும் முறை என்ன?

சில கார்களில் பானெட்டைத் திறந்தாலே ஹெட்லைட்டின் முதுகு கைக்கு எட்டும். சிலவற்றில் பம்பரையே இறக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். பாதியில் இருட்டிவிட்டால் லைட் இல்லாத கார்தான் உங்களிடம் இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஹெட்லைட்டின் பின்மூடியைத் திறந்து, பழைய பல்பின் கனெக்டரை உருவி, கம்பிக் கிளிப்பை அமுக்கி விடுவியுங்கள். கிளிப் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் மாட்ட வேண்டியிருக்கும்.

கிட்டின் ஒயர் வெளியே வர பின்மூடியில் துளை வேண்டும். கிட்டோடு வரும் ரப்பர் வளையத்தை அளந்து அதற்கேற்ற துளை போடுங்கள், பொதுவாக 25 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். மூடியைக் கழற்றி வெளியே வைத்துத் துளையிடுங்கள். காரிலேயே வைத்துத் துளைத்தால் பிளாஸ்டிக் தூள் ஹெட்லைட்டுக்குள் விழும், அதை எடுப்பது பெரும்பாடு.

புதிய பல்பின் பாதுகாப்புக் குழலைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். உலோக வளையத்தைப் பிடித்து, அதன் காதுகள் பள்ளங்களில் சரியாக உட்காரும்படி வையுங்கள். உட்கார்ந்துவிட்டால் ஆடாது. ஆடினால் சரியாக உட்காரவில்லை, கிளிப்பைப் போட்டு அமுக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

பேலாஸ்டை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தலைவலி. ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். சக்கரம் தண்ணீரை வாரி அடிக்கும் இடமும் வேண்டாம். ஒயர் வெளியேறும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும், நீர் வழிந்து உள்ளே போகாது. ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டேப்பை நம்பி விடாதீர்கள், கோடையில் பசை இளகிவிடும். பேலாஸ்டிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரை வெட்டி நீட்டவே கூடாது.

ரிலே ஒயரிங்கை பேட்டரியிலிருந்து இழுத்து, ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் வருமாறு வையுங்கள். எல்லாவற்றையும் கட்டியபின், பேட்டரி நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, லைட்டைப் போடுங்கள். முதலில் நீலமாகத் தோன்றிச் சில வினாடிகளில் வெள்ளையாகும். அது சரிதான்.

ரிலே இல்லாமல் நேராக மாட்டினால்?

எரியும். ஆனால் பற்றவைக்கும் அந்தச் சில வினாடிகளில் பேலாஸ்ட் வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய ஒயரிங் அதற்குத் தாங்காமல் வோல்டேஜ் விழுந்தால், விளக்கு ஒரு நாள் பற்றும், ஒரு நாள் பற்றாது.

பல்பின் கண்ணாடியைக் கையால் தொட்டுவிட்டேன்.

ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு இல்லாத துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். விரல் எண்ணெய் ஒட்டிய இடம் சூட்டில் தனியாகக் கொதித்து குவார்ட்ஸைப் பலவீனப்படுத்தும்.

ஷாக் அடிக்குமா?

அடிக்கும், விளையாட்டில்லை. லைட் ஆனில் இருக்கும்போது கனெக்டரைத் தொடாதீர்கள். அணைத்த உடனேயும் தொடாதீர்கள், பேலாஸ்டில் மிச்ச மின்சாரம் தங்கியிருக்கும். இன்னொன்று: பல்பை ஹெட்லைட்டுக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு 'எரியுதா பார்ப்போம்' என்று சோதிக்கவே கூடாது. மின்வில் புற ஊதாக் கதிரையும் உமிழும், மலிவான பல்புகளில் அதைத் தடுக்கும் வெளிக்கண்ணாடி ஒழுங்காக இருக்கும் என்று நம்ப முடியாது.

ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டுக்குள் புரொஜெக்டர் வைப்பது வீட்டில் முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். டிம், பிரைட் இரண்டையும் ஒரே பல்பில் தரும் பை-செனான் புரொஜெக்டர்கள் தனியாகக் கிடைக்கின்றன. சில மாடல்கள் பழைய பல்பு இருந்த துளை வழியாகவே தண்டை நுழைத்து, பின்னால் நட்டு போட்டு இறுக்குகிற மாதிரி வருகின்றன. ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டியதில்லை.

கடினமான வேலை, முன்கண்ணாடியைப் பிரிப்பது. பல ஹெட்லைட்டுகள் சூட்டில் இளகும் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டவை. பல்பு, ரப்பர், ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹீட் கன்னால் ஓரமாகச் சூடாக்கிக்கொண்டே மெதுவாக நெம்ப வேண்டும். சில ஹெட்லைட்டுகளில் இளகாத பசை. அது சூட்டுக்கு மசியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் நெம்ப ஆரம்பிக்காதீர்கள்.

புரொஜெக்டரை வைத்தபின், கண்ணாடியை மூடும்முன், காரில் மாட்டிச் சுவரில் அடித்துப் பாருங்கள். கோடு சாய்ந்திருந்தால் புரொஜெக்டரைச் சுழற்றி நேராக்க வேண்டும். மூடியபிறகு அந்த வாய்ப்பு இல்லை. உங்கள் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவீர்களா, வலப்பக்கமா என்பதற்கேற்ற புரொஜெக்டரா என்றும் அப்போதே பாருங்கள். கட்-ஆஃப் கோடு ஒரு பக்கத்தில் மட்டும் மேலேறியிருக்கும்; அந்தப் பக்கம் சாலையின் ஓரத்தை நோக்கி இருக்க வேண்டும், எதிரே வருபவரை நோக்கி அல்ல. ஒட்டும்போது பழைய பசையைச் சுத்தமாக எடுத்துப் புதியதைப் போடுங்கள். கஞ்சத்தனம் பண்ணினால் அடுத்த மழையில் உள்ளே மீன் வளர்க்கலாம்.

லைட்டை எப்படி அட்ஜஸ்ட் செய்வது?

மட்டமான தரை, நேரான சுவர், பத்து மீட்டர் இடைவெளி. டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஆள், டேஷ்போர்டில் உயர அட்ஜஸ்ட் சக்கரம் இருந்தால் அது பூஜ்யத்தில். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து சுவரில் டேப்பால் குறியுங்கள். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். கட்-ஆஃப் கோடு இந்தக் கீழ் டேப்பில் உட்கார வேண்டும். ஒரு சதவீத இறக்கம் என்பது இதுதான். பல கார்களில் ஹெட்லைட் அருகிலேயே இந்தச் சதவீதம் அச்சிட்டிருக்கும், வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

65 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள ஹெட்லைட் ஒரு சதவீதம் இறங்கினால் கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். 'இன்னும் கொஞ்சம் தூக்கினால் நல்லா தெரியுமே' என்று கை பரபரக்கும். மேலே சொன்ன ஒரு டிகிரி தூக்கினால், அறுபது மீட்டரில் அதே கோடு எதிர்க்கார் டிரைவரின் கண் உயரத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு விளக்காக, மற்றதைத் துணியால் மறைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள். சூடான விளக்கைத் துணி தொட்டுக்கொண்டிருக்க விடாதீர்கள்.

ஒரு பக்கம் எரியவில்லை. கெட்டது பல்பா, பேலாஸ்டா?

இடது, வலது பல்புகளை மட்டும் மாற்றி மாட்டுங்கள். கோளாறு பல்போடு போனால் பல்பு. போகாமல் அதே பக்கம் நின்றால் பேலாஸ்டை மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஒயர், எர்த், ஃபியூஸ். கனெக்டரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள்.

மினுக்குகிறது, டேஷ்போர்டில் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கையும் வருகிறது.

புதிய கார்களின் கம்ப்யூட்டர் 55 வாட் பல்பை எதிர்பார்க்கிறது, 35 வாட்டைக் கண்டதும் பல்பு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறது. சில கார்கள் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும், பேலாஸ்டுக்கு அது ஒத்துவராது. இதற்கென்று கேன்பஸ் பேலாஸ்ட் (காரின் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போவது), இடைச்செருகல் மாடியூல் உண்டு. பகலில் ஹெட்லைட்டையே குறைந்த வோல்டேஜில் எரியவிடும் கார் என்றால், முதலில் அந்த வசதியை அணைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹை பீமிலும் பனி விளக்கிலும் போடலாமா?

தனி ஹை பீமில் (பிரைட்) போட்டால் முழு ஒளி வருவதற்குள் நீங்கள் அதை அணைத்திருப்பீர்கள். நல்ல பல்புக்கே முக்கால் பங்கைத் தாண்ட சில வினாடிகள் வேண்டும். பனி விளக்கில் வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பதில் எல்.இ.டி பல்பு?

ரிஃப்ளெக்டருக்குள் போட்டால் அதே பிரச்சினைதான், ஷாக் மட்டும் இல்லை.

எவ்வளவு நாள் வரும்? பழையதை என்ன செய்வது?

நல்ல பல்பு 2000 மணிநேரமோ அதற்கு மேலோ வரும். சாகும் முன் நிறம் மாறும், இளஞ்சிவப்போ ஊதாவோ தட்டும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு கண் ஒரு நிறம், மறு கண் வேறு நிறம். டி1, டி2 வகைப் பல்புகளில் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. டி3, டி4 வகைகளில் இல்லை, ஆனால் அவை 42 வோல்ட்டில் ஓடுபவை, பேலாஸ்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பல்பு உடைந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டுச் சில்லுகளைப் பொறுக்கி மூடிய டப்பாவில் போடுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டாம். உடையாத பழைய பல்பையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.